எம்.எல்.ஏ. கொடுத்த சாதனை மலரை எப்படிப் படிப்பது? – பி.டி.ஓ. அம்மா பதில்கள்

டிசம்பர் கடைசியில் வரும் கடிதங்களில் வழக்கமாக பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும்தான் அதிகம் இருக்கும். இந்தத் தடவை பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தொகுதி எம்.எல்.ஏ. ஆண்டு முடிவில் வீடு வீடாகக் கொடுத்த 'சாதனை மலர்'. சிலர் மலரையே கவருக்குள் மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். வழவழப்பான தாள், பக்கத்துக்கு நாலு படம், நாலிலும் பொன்னாடை. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவள். எம்.எல்.ஏ. நிதி வேலைகளின் ஃபைல் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். எந்தக் கட்சிக்கும் நான் உறவும் இல்லை, பகையும் இல்லை. ஊர்ப் பெயர் போட்டால் எந்த எம்.எல்.ஏ. என்று தெரிந்துவிடும் என்பதால் மாவட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பழைய எம்.எல்.ஏ. ஐந்து வருஷத்தில் ஒரு நோட்டீஸ்கூடப் போட்டதில்லை. இப்போது இருப்பவர் வருஷா வருஷம் மலர் போடுகிறார். இது சட்டப்படி கட்டாயமா, அவராகச் செய்வதா?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

அவராகச் செய்வதுதான். எம்.எல்.ஏ. தன் தொகுதி மக்களுக்கு ஆண்டறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கிறார். அடுத்து உங்கள் முன்னால் அவர் கட்டாயமாக வந்து நிற்க வேண்டியது அடுத்த தேர்தலில்தான்.

உங்கள் ஊராட்சித் தலைவருக்கு இந்த வசதி கிடையாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. முன்பு நாலாக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். அங்கே வரவு செலவு வாசிக்க வேண்டும், தணிக்கை அறிக்கையை வைக்க வேண்டும், நடக்கிற வேலைகளைச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு பல்பு என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டால், தலைவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளராக நான் போன கிராம சபைகளில் இந்த மாதிரிப் பாட்டிகள்தான் கூட்டத்தை நடத்தினார்கள்; நானும் ஊராட்சிச் செயலரும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

பல்பு வாங்கியவருக்கு இவ்வளவு கேள்வி, தொகுதி நிதியில் 3 கோடி ரூபாய்க்கு வேலை பரிந்துரைத்த எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே கட்டாயம் இல்லாமலே ஒருவர் மலர் கொடுத்தால், அந்த மட்டில் அவரைப் பாராட்டுகிறேன். கிண்டல் பண்ணாமல் வாங்கிப் படியுங்கள். கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மலரில் 'எனது நிதியிலிருந்து' என்று ஒவ்வொரு வேலைக்கும் கீழே போட்டிருக்கிறது. எங்கள் ஊர் நிழற்குடையில் ஊர்ப் பெயரைவிட எம்.எல்.ஏ. பெயர்தான் பெரிதாக இருக்கிறது. அவர் சொந்தக் காசா அம்மா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் காசு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மாநில பட்ஜெட்டில் ஒதுக்குவது. இப்போது ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. எம்.பி.க்கு இதே மாதிரி மத்திய அரசு 5 கோடி ஒதுக்குகிறது. 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. கொரோனா காலத்தில் நிறுத்திவைத்து, 2021 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பணம் எம்.எல்.ஏ.வின் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வராது. அவர் செய்வது ஒரே காரியம்: தன் லெட்டர் பேடில் 'இன்ன ஊரில் இன்ன வேலை' என்று கலெக்டருக்குப் பரிந்துரை எழுதுவது. அந்தக் கடிதம் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக ஒன்றியத்துக்கு வரும். நகராட்சி என்றால் ஆணையருக்குப் போகும். இடத்தைப் போய்ப் பார்த்து எஸ்டிமேட் போடுவோம். நிழற்குடை என்றால் பெரும்பாலும் மெயின் ரோட்டு ஓரம், நெடுஞ்சாலைத் துறை இடம். அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்காகவே எத்தனை நிழற்குடைகள் ஃபைலுக்குள் வெயிலில் காய்ந்தன என்று எனக்குத் தெரியும். பிறகு கலெக்டரின் நிர்வாக அனுமதி, பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி உத்தரவு. வேலை முடிந்ததும் ஓவர்சியர் டேப்பைப் பிடித்து அளப்பார்.

அந்த அளவு போய் உட்காரும் இடம் எம்-புக். அளவுப் புத்தகம். பக்க எண் அச்சடித்தே வரும், ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது. நீளம், அகலம், கனம் என்று கட்டம் கட்டமாகப் பேனாவில் எழுத வேண்டும். அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். சிமென்ட் ரோடு என்றால் ஓரத்து மண்ணைக் கடப்பாரையால் தள்ளிவிட்டு ஸ்கேலை வைத்துக் கனம் பார்ப்பது வழக்கம். ஒழுங்கான ஓவர்சியராக இருந்தால், காண்ட்ராக்டர் காட்டுகிற இடத்தில் தோண்டமாட்டார். நாலடி தள்ளி, தான் நினைத்த இடத்தில் தோண்டுவார். அப்போது காண்ட்ராக்டர் முகத்தைப் பார்த்தாலே கனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், ஸ்கேல் வேண்டாம். எம்-புக்கில் ஏறினால்தான் பில், பில் பாஸானால்தான் பணம். பரிந்துரைக் கடிதத்துக்கும் கடைசி பில்லுக்கும் நடுவில் ஒரு வருஷம் ஓடுவது சர்வ சாதாரணம்.

அப்படியென்றால் எம்.எல்.ஏ.வுக்கு இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எந்த ஊருக்கு என்று முடிவு செய்வது அவர். எல்லா ஊரும் கேட்கும், சில ஊருக்குத்தான் பணம் போதும். போன தேர்தலில் ஓட்டு விழுந்த ஊரா, தண்ணீர் இல்லாத ஊரா, மாலையோடு எதிரே வந்த ஊரா, எதை வைத்து முடிவு செய்தார் என்பதுதான் அவருடைய வேலையின் தரம். நான் புரட்டிய மலர்கள் ஒன்றிலும் அது இல்லை.

பெயர்ப் பலகை விஷயம். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீடு எல்லாம் வேலை நடந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குட்டிப் பலகை செடி மறைவில் இருக்கும். விலக்கிப் பாருங்கள்.

கேள்வி: பணிகள் பட்டியலில் எங்கள் தெரு சிமென்ட் ரோடும் இருக்கிறது, தொகையும் போட்டிருக்கிறது. தெருவில் இன்னும் ஜல்லிகூடக் கொட்டவில்லை. அச்சடித்தே பொய் சொல்வார்களா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பொய் என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன படிகளில் உங்கள் ரோடு ஏதோ ஒன்றில் நின்றுகொண்டிருக்கிறது. மலர் எழுதுகிறவர்கள் எல்லாப் படிகளையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகிறார்கள். பரிந்துரை எழுதியதும் சாதனை, நிர்வாக அனுமதி வந்ததும் சாதனை, பூமி பூஜையும் சாதனை. அடுத்த வருஷ மலரில் அதே ரோடு 'திறப்பு விழா' என்று மறுபடியும் வரும். பழைய மலர் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை வேலை இரண்டு தடவை வந்திருக்கிறது என்று.

ஒரே வேலை இரண்டு பேர் மலரில் வருவதும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை. கட்டடம் எம்.எல்.ஏ. நிதி, போர்வெல் எம்.பி. நிதி, குழாய் இழுத்தது ஊராட்சிப் பொது நிதி. எம்.எல்.ஏ. மலரில் 'கழிப்பறை வசதி', எம்.பி. காலண்டரில் 'கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி'. மூன்றாவதாகச் செலவழித்த ஊராட்சித் தலைவரிடம் மலர் போடக் காசில்லை, அவர் சுவரில் எழுதிவைத்தார். பிள்ளைகளுக்கு வசதி கிடைத்ததே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் மூன்று பேர் கணக்கையும் கூட்டினால் அந்தப் பள்ளிக்கு மூன்று கழிப்பறை இருக்க வேண்டும்.

உங்கள் ரோட்டுக்கு வழி இதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'எங்கள் எம்.எல்.ஏ. என்ன செய்தார்' என்று கேட்காதீர்கள், பதில் வராது. இந்த நிதியாண்டில் உங்கள் தொகுதிக்கான தொகுதி மேம்பாட்டுத் திட்டப் பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நிர்வாக அனுமதி நாள், மதிப்பீடு, பணி உத்தரவு நாள், இன்றைய நிலை, இதுவரை கொடுத்த தொகை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு சந்தேகம் வந்தால், அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டு மனு வந்தால் அலுவலகத்தில் என்ன பரபரப்பு வரும் என்று எனக்குத் தெரியும். பயப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை, பள்ளியில் காலை உணவு, பெண்களுக்கு இலவச பஸ் எல்லாம் எங்கள் எம்.எல்.ஏ. கொண்டுவந்ததாக மலரில் இருக்கிறதே?
– வாசகி, மதுரை மாவட்டம்

உங்கள் எம்.எல்.ஏ. மலரில் மட்டுமா இருக்கிறது? அவர் கட்சி, கூட்டணி எம்.எல்.ஏ. எல்லோர் மலரிலும் இருக்கும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 மே மாதம் வந்தது. காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் உங்கள் மதுரையிலேயே தொடங்கியது. உரிமைத் தொகை 1,000 ரூபாய், அடுத்த ஆண்டு அதே தேதியில் காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஒரு கோடிப் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. எல்லாம் மாநில அரசின் திட்டம். ஒரு தொகுதி எம்.எல்.ஏ. அதைத் தன் கணக்கில் எழுதுவது, மொய் நோட்டில் பெரியப்பா வைத்த மொய்க்குத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வது மாதிரி. குடும்பம் ஒன்றுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்திலேயே அவர் எழுதியிருக்கக்கூடிய ஒன்று உண்டு. உரிமைத் தொகைக்கு மனு போட்டுத் தள்ளுபடியானவர்கள் எத்தனை பேர் அவர் அலுவலகத்துக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார், எத்தனை பேருக்குக் கிடைத்தது? கட்டணமில்லாத பஸ் எந்த ஊருக்கு வரவே இல்லை, அதற்குப் போக்குவரத்துக் கழகத்தில் என்ன சொன்னார்கள்? இதுதான் தொகுதிக் கணக்கு.

இன்னொன்றும் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத 10 முக்கியக் கோரிக்கைகளை கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று திட்டத்துக்குப் பெயர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும்தான் கடிதம். அந்தப் பத்து என்ன, எத்தனை நடந்தது என்று உங்கள் வீட்டு மலரில் தேடிப் பாருங்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்றில்தான் இருந்தது. அதிலும் ஏழுதான் இருந்தது; மீதி மூன்று எங்கே போயிற்று என்று சொல்லவில்லை.

கேள்வி: நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். 12 மணி நேர வேலைச் சட்டம் வந்தபோது நாங்கள் கேட்டில் நின்று கோஷம் போட்டோம். எங்கள் எம்.எல்.ஏ. அதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று இன்றுவரை தெரியாது. எந்த வருஷ மலரிலும் இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

இந்தக் கடிதக் கட்டிலேயே உருப்படியான கேள்வி இதுதான். எம்.எல்.ஏ. என்றால் சட்டம் இயற்றுபவர். மலரில் சட்டத்துக்குத்தான் பக்கமே இல்லை.

நடந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2023 ஏப்ரல் 21-ல் பேரவையில் நிறைவேறியது. வேலை நேரத்தில் அரசு விலக்கு கொடுக்க வழி செய்யும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின. 24-ம் தேதி நிறுத்திவைப்பதாக அறிவிப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு. பத்து நாளில் எல்லாம் முடிந்தது.

அன்றைக்கு ஓட்டெடுப்பு குரல் மூலம். 'ஆம் என்போர் ஆம் என்க' என்பார் பேரவைத் தலைவர்; ஒரு சத்தம் வரும்; 'நிறைவேறியது' என்பார். அந்தச் சத்தத்தில் உங்கள் எம்.எல்.ஏ.வின் குரல் இருந்ததா என்று யாரும் எழுதிவைப்பதில்லை. டிவிஷன் கேட்டு எண்ணினால்தான் யார் எந்தப் பக்கம் என்று பதிவாகும். நம் பேரவையில் அது அபூர்வம். அதற்கு மேல் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால், 'என் மனசு வேறு, கட்சி சொன்னது வேறு' என்று ஒரு எம்.எல்.ஏ. எழுதமாட்டார்.

ஆனால் பேசியது பதிவாகும். பேரவை நடவடிக்கைக் குறிப்பு வார்த்தைக்கு வார்த்தை அச்சாகிறது. கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. துறை துறையாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தொழிலாளர் துறை வரும் நாளில் உங்கள் எம்.எல்.ஏ. எழுந்தாரா, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, கவன ஈர்ப்பு கொண்டுவந்தாரா என்று பார்க்கலாம். தொகுதிக் கேள்விகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 'எனது தொகுதியில் ஒரு தீயணைப்பு நிலையம் அமைக்க அரசு முன்வருமா?' என்பார். 'அவ்வாறான கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை' என்பார் அமைச்சர். மலரில் முதல் வரி மட்டும் வரும், 'சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார்' என்ற தலைப்போடு. அமைச்சர் சொன்னது வராது. இரண்டையும் போடுகிற எம்.எல்.ஏ.வுக்கு நான் ஓட்டுப் போடுவேன், கட்சியைப் பார்க்காமல்.

உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, அந்தத் திருத்தத்தில் அவர் நிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. எதைக் கேட்டாலும் 'ஆட்சி நம்மிடம் இல்லையே' என்கிறார். சரியா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

கால்வாசி சரி. ஆளுங்கட்சிக்காரர் போன் செய்தால் அதிகாரி இரண்டாவது மணியில் எடுப்பார், எதிர்க்கட்சிக்காரர் செய்தால் மீட்டிங்கில் இருப்பார். நானே அந்த நாற்காலியில் இருந்தவள், மறைக்க மாட்டேன். ஆனால் 3 கோடி அவருக்கும் அதே 3 கோடி. கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால்தான் பேப்பரில் வரும். எதிர்க்கட்சிக்காரர் மலரில் குறைகள் நிறைய இருக்க வேண்டும். குறை சொல்வதற்கு அவரைக் கட்சி தடுக்கப் போவதில்லை.

கேள்வி: நான் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் பகுதிப் பிரதிநிதி ஆண்டு முடிவில் வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறார். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார், எந்தப் பாலத்துக்குப் பணம் வந்தது, பாஸ்போர்ட் சிக்கலுக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் இருக்கிறது. அப்பா அனுப்பிய நம் ஊர் மலரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.
– வாசகர், நியூ ஜெர்சி

சிரியுங்கள், ஆனால் கொஞ்சமாக. அந்தக் கடிதத்துக்குத் தபால்தலைக்குப் பதில் உறுப்பினரின் கையெழுத்தே போதும் என்ற சலுகையை அவர்கள் நாடாளுமன்றம் 1789-லேயே எடுத்துக்கொண்டது. செலவு வரிப்பணம். அதனால் விதியும் உண்டு: ஓட்டுக் கேட்கக் கூடாது, தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் மொத்தமாக அனுப்பக் கூடாது. கீழவை உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசுச் செலவில் 18 பேர் வரை நிரந்தர ஊழியர் வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுதவே ஆள் இருக்கிறது. அங்கே பெரும்பாலான முக்கிய ஓட்டுகள் பெயர் பெயராகப் பதிவாவதால், மறைக்க நினைத்தாலும் எதிராளி எடுத்துப் போட்டுவிடுவார். நம் எம்.எல்.ஏ. ஆபீஸில் மனுவை வாங்குபவரும், கல்யாணப் பத்திரிகையை வாங்குபவரும், மலருக்குப் படம் பொறுக்குபவரும் ஒரே தம்பியாக இருப்பார்.

உங்கள் ஊர்க் கடிதமும் விளம்பரம்தான் என்பதை மறக்காதீர்கள். கொஞ்சம் அடக்க ஒடுக்கமான விளம்பரம்.

கேள்வி: அந்தத் தம்பி நான்தான் அம்மா! ஒரு எம்.எல்.ஏ.விடம் உதவியாளராக இருக்கிறேன். அடுத்த மலரை நான்தான் எழுத வேண்டும். என்னென்ன போடலாம் என்று சொல்லுங்கள்.
– பெயர், மாவட்டம் வேண்டாம்

தம்பி, உன் கடிதம் நியூ ஜெர்சி கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. பொருத்தமாக இருக்கட்டும் என்று பின்னால் வைத்து, முதல் வரியை உன்னைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் பக்கத்தைக் குறை. எட்டுப் பக்கம் போதும். அட்டையில் அண்ணன் படம் ஒன்று போட்டுக்கொள், உள்ளே வேலைகளின் படம் மட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். மலரை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான்.

நடுப்பக்கம் முழுக்க ஒரே அட்டவணை. ஊர், வேலை, தொகை, எந்த நிதி, இன்றைக்கு எந்தப் படியில். போன வருஷம் சொல்லி முடிக்காதவை மேலே, இந்த வருஷத்தவை கீழே. முடியாததற்குக் காரணம் ஒரு வரி: 'இடம் பட்டா நிலம் என்று தெரிந்தது', 'டெண்டருக்கு ஆள் வரவில்லை'. அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நீ சொல்வது காதில் விழுகிறது. அவரிடம் சொல்: நின்றுபோன வேலை ஊருக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. காரணத்தை நாம் சொல்லாவிட்டால் டீக்கடையில் ஒரு காரணம் தயாராகிவிடும்.

சட்டமன்றத்துக்கு ஒரு பக்கம். கேட்ட கேள்வி, அமைச்சர் சொன்ன பதில், இரண்டும். ஒவ்வொரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் தமிழிலேயே அரசு இணையதளத்தில் இருக்கிறது. அதிலிருந்து உன் தொகுதியைத் தொடுகிற இரண்டு மூன்று விஷயத்தை எடுத்து, ஊர்ப் பேச்சில் எழுது. நீட் விலக்கு மசோதாவை எடுத்துக்கொள். 2021 செப்டம்பரில் நிறைவேற்றினார்கள், ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8-ல் மறுபடி நிறைவேற்றினார்கள். ப்ளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில், 'இப்போது அது எங்கே நிற்கிறது, என் பிள்ளை பரீட்சை எழுத வேண்டுமா வேண்டாமா' என்றுதான் கேட்பார்கள். எழுத வேண்டும் என்றால் எழுத வேண்டும் என்று போடு. சுற்றி வளைக்காதே.

மனுக்களை வகை பிரித்து எண்ணிப் போடு. பட்டா எத்தனை, வீடு எத்தனை, வேலை கேட்டு எத்தனை, தீர்ந்தது எத்தனை. எங்கள் ஒன்றியத்தில் ஒருதடவை இப்படி எண்ணிப் பார்த்தபோதுதான், ஒரே கிராமத்திலிருந்து வந்த மனுக்கள் எல்லாம் ஒரே சர்வே எண் தகராறு என்று தெரிந்தது. அதுவரைக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பக்கத்தை ஊர்ச் செய்திக்கு விடு. மாறின பஸ் நேரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் வரும் கிழமை, நூலகம் திறக்கும் நேரம், பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸான அரசுப் பள்ளிகள், எம்.எல்.ஏ. அலுவலகத்தில் எந்தக் கிழமை அண்ணன் இருப்பார், இல்லாத நாளில் யார். அந்த ஒரு தாளைக் கத்தரித்து அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவைப்பார்கள். மீதி ஏழு பக்கம் பஜ்ஜி எண்ணெய் வடிக்கப் போனாலும் வருத்தப்படாதே.

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்ட எம்.பி. நிதி கேட்டோம், முடியாது என்கிறார்கள். மலரில் மட்டும் கோயில் படம் இருக்கிறது!
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

விதிப்படி வழிபாட்டுத் தலத்துக்கு அந்த நிதியைத் தொடக் கூடாது. பொதுச் சமுதாயக்கூடம் பொது இடத்தில் கேளுங்கள். மலரில் இருப்பது கும்பாபிஷேகத்தில் அவர் கும்பிடுகிற படமாக இருக்கும்.

கேள்வி: இந்த மலர் அச்சடிக்கும் செலவு யாருடையது? அதையும் தொகுதி நிதியில் எழுதிவிடுவார்களோ?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

எழுத முடியாது. நிலைத்து நிற்கும் சொத்து உருவாக்கத்தான் அந்த நிதி. நோட்டீஸ் அடிக்க எஸ்டிமேட் போட்டு வந்தால் எங்கள் கிளார்க்கே திருப்பி அனுப்பிவிடுவார். கட்சியோ, எம்.எல்.ஏ.வோ, பின்னட்டையில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்த காண்ட்ராக்டரோ செலவழித்திருப்பார்கள். பின்னட்டை வாழ்த்துக்காரரின் பெயரை, நான் முன்பு சொன்ன தகவல் உரிமைப் பதிலில் வரும் காண்ட்ராக்டர் பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். பல சமயம் ஒன்றும் இருக்காது. சில சமயம் இருக்கும்.

தேர்தல் சமயத்தில் கணக்கு வேறு. தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு சொல்கிறது. வேட்புமனு போட்ட நாளிலிருந்து ஆகும் செலவு வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும்; நம் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. ஆகவே மலர் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அட்டையின் மூலையில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் நேரத்தில் உங்கள் தொகுதிக்கு வரும் செலவினப் பார்வையாளரின் போன் எண்ணைப் பேப்பரில் போடுவார்கள்; சந்தேகம் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.